நாற்காலி பஸ்ஸின் கண்டக்டரம்மா

ஆடி மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி வெயிலில், பெண்கள் சிறையின் பயிற்சிக் கூடத்தில் இரண்டு வரிசையாகப் போட்டிருந்த இருபத்தெட்டு நீல பிளாஸ்டிக் நாற்காலிகள், ஜைத்தூன் சோற்றுத்தட்டை ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்து வலப்பக்கம் ஒடித்ததும், காத்தாயி கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து இரண்டு தரம் ஊதியதும், பஸ்ஸாகிக் கிளம்பிப் போயின. நாற்காலிக் கால்கள் சிமெண்டுத் தரையை விட்டு ஒரு விரற்கடை நகரவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி எப்போதும் போல டக் டக்கென்று அடித்துக்கொண்டுதான் சுற்றியது. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த மதில்சுவர் மட்டும் மெல்லப் பின்னால் நகர்ந்தது, அதன்மேல் கறுத்துக் கிடந்த பாசி நகர்ந்தது, காவல் கோபுரம் நகர்ந்தது, பிறகு ஒரு பெட்ரோல் பங்க் வந்தது, கரும்புச்சாறு வண்டி வந்தது, ஹெல்மெட் போட்ட ஒரு பெண் ஸ்கூட்டியில் அவர்களை முந்திக்கொண்டு போனாள், நாற்காலிகளில் இருந்த பெண்கள் முன்சீட்டின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் வளைவு வந்தது.

ஃபிலோமினா டீச்சர் வந்த பிறகுதான் இதெல்லாம். முழங்கால் வலியோடு செவ்வாயும் வெள்ளியும் வந்துபோகிற அந்தம்மாள், விடுதலை நெருங்கியவர்களை வெளியுலகத்துக்குத் தயார் செய்ய ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பியவள். முன்பு ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். முதல்நாள் வகுப்பு முடிந்ததும் இருபத்தெட்டுப் பெண்களும் கூடத்துக் கதவுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். நின்றவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு டீச்சர் கேட்டாள்.

"ஏம்மா நிக்கிறீங்க?"

"இன்னும் திறக்கலையே டீச்சர்."

கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. தள்ளினால் திறக்கும். பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம், கதவு என்பது மற்றவர்கள் திறப்பது என்று ஆகிப்போன கைகள் அவர்களுடையவை. டீச்சர் கொண்டுவந்த பாடத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மறுவாரம் முழுக்கக் கதவைத் திறக்கவும் சாத்தவும் மட்டும் பழக்கினாள். அதற்கப்புறம் செல்போனில் விரலால் தள்ளுவது, ரோட்டைக் கடப்பது, "நீ யாரு, எங்கேர்ந்து வர்ற?" என்று கேட்கிறவர்களிடம் தலை குனியாமல் நிற்பது. அதற்கப்புறம்தான் பஸ்.

"இப்பல்லாம் டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்குக் காசு கிடையாது" என்றாள் டீச்சர்.

"ஏன் டீச்சர், ஜெயில்லேர்ந்து வர்றோம்னா?" என்று கேட்டாள் ஜைத்தூன்.

"எல்லாப் பொம்பளைக்கும்தான்."

தாங்கள் இல்லாதபோது வெளியில் என்னென்னவோ நடந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கு உறைத்தது.

ஆளுக்கொரு நாற்காலி. கடற்கரைக்காரி ஜைத்தூன் அதற்குமுன் எந்த வண்டியையும் ஓட்டியதில்லை என்றாலும் குரல் பெரியது என்பதால் டிரைவரானாள். ஒவ்வொருத்தியும் எங்கே இறங்கவேண்டுமோ அந்த ஊரைச் சத்தமாகச் சொல்லவேண்டும் என்றாள் டீச்சர். சொன்னார்கள். கடைசி நாற்காலியில் இருந்த காத்தாயியின் முறை வந்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் இரண்டாம் தரம் கேட்கவில்லை. தன் கைப்பையிலிருந்து ஒரு விசிலை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினாள்.

"நீ கண்டக்டர். கண்டக்டர் எங்கயும் இறங்கவேண்டாம்."

காத்தாயிக்கு நாற்பத்தாறு வயது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் புருஷன் தனவேலை விறகுக்கட்டையால் அடித்தாள். அதற்கு முந்தின ஒன்பது வருஷம் அவன் அடித்ததை யாரும் எண்ணவில்லை, அவள் அடித்தது ஒன்றே ஒன்று, அது போதுமானதாக இருந்தது. வாசல்படியில் ஏழு வயசு மகள் வெண்ணிலா பரீட்சை அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோர்ட்டில் சாட்சிக் கூண்டுக்குள் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். அதன்மேல் நின்று, "அம்மாதான் அடிச்சாங்க" என்று அவள் சொன்னாள். தனவேலின் அக்கா மருதாம்பாள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாள். காத்தாயி எழுதிய கடிதங்கள் முதல் இரண்டு வருஷம் பிரிக்காமல் திரும்பி வந்தன. பிறகு அவள் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் பஸ் போனது. எந்தெந்த ஊரைச் சொன்னார்களோ அந்தந்த ஊர்களுக்கு, உட்கார்ந்திருந்த வரிசைப்படி போனது. தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்காலிலிருந்து ராமநாதபுரத்து உப்பளத்துக்கு தலைமுடியை அள்ளி முடிகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தது. கூடத்தின் பின்கதவுதான் படிக்கட்டு. வெளியாட்கள் அதில் ஏறலாம், இறங்கலாம். உள்ளிருந்து ஒருத்தி தன் தெருவைப் பார்த்த வேகத்தில் காலை நீட்டி இறங்கினாள், கால் சிறைக்கூடத்துச் சிமெண்டுத் தரையில்தான் பட்டது. தெருவில் நின்றவர்களுக்கு அவள் படியில் நின்று அழுவது மட்டும் தெரிந்தது. ஒரு முறுக்குக்காரி இரண்டு முறுக்கை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

சிறையில் முதலில் குழம்பினார்கள், பிறகு கடிதம் எழுதினார்கள். கண்காணிப்பாளர் அம்மா மேலிடத்துக்கு எழுதினார், மேலிடம் போக்குவரத்துத் துறைக்கு எழுதியது, மேற்படி நாற்காலிகள் சிறைத்துறையின் அசையும் சொத்தா அசையாச் சொத்தா என்று தெளிவுபடுத்தினால் மேல்நடவடிக்கை எடுக்கலாம் என்று அவர்கள் பதில் எழுதினார்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. மதியக் கணக்கு சரியாக இருபத்தெட்டு இருக்கிறவரைக்கும் நாற்காலி எங்கே போனால் எனக்கென்ன என்று தலைமைக் காவலர் வசந்தகோகிலா கூடத்து வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஊர்க்காரர்கள் இன்னும் சீக்கிரமாகப் பழகிக்கொண்டார்கள். நீல பஸ் என்றார்கள். ஆட்டம் இல்லை, புகை இல்லை, பினாயில் வாசனை மட்டும் கொஞ்சம் தூக்கல், ஆனால் சொன்ன நேரத்துக்கு வருகிறது என்றார்கள். கீரைக்கட்டுக்காரிகள் ஏறினார்கள், மாத்திரை வாங்கப்போகிற பெரியவர்கள் ஏறினார்கள், எத்தனை பேர் ஏறினாலும் நிற்க இடமிருந்தது. நீ என்ன செஞ்சிட்டு உள்ள போன என்று முதல் இரண்டு வாரம் கேட்டவர்கள், மூன்றாம் வாரம் அந்தக் கேள்வியைத் தாங்களாகவே விட்டுவிட்டார்கள், ஏனென்றால் பதில் சொல்வதற்குள் இறங்குகிற இடம் வந்துவிடுகிறது. மாறாக உள்ளிருந்தவர்கள்தான் கேள்வி கேட்டார்கள். இந்தக் கறுப்புக் கட்டம் போட்ட அட்டை எதுக்குக் கடை கடையா ஒட்டியிருக்கு, கேஸ் சிலிண்டரைப் போன்ல எப்படிப் பதியுறது, இந்தத் துணிக்கு என்ன பேரு. ஒரு பேங்க் ஊழியர் இரண்டு ஸ்டாப்புக்குள் ஏடிஎம் மிஷினை விளக்கிவிட்டு இறங்கினார். ஃபிலோமினா டீச்சர் பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டு முன்சீட்டில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் வீடு பெயிண்ட் மாறியிருப்பதைப் பார்த்தவள் உண்டு, வாசலில் இன்னொருத்தி கோலம் போடுவதைப் பார்த்தவள் உண்டு. அன்றைக்கு அழுதுவிட்டு, அடுத்த வாரம் அவள் வேறு ஊர் சொன்னாள்.

காத்தாயி மட்டும் எந்த ஊரும் சொல்லவில்லை. நின்றுகொண்டே வந்தாள். பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்து டிக்கெட் கொடுத்தாள், "உள்ள போ, உள்ள போ" என்று அதட்டினாள், அவளுடைய நாற்காலி யாராவது முடியாதவர்களுக்கு உதவட்டும் என்று பின்கதவுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்தது.

ஆவணி மாதம் முதல் வெள்ளிக்கிழமை அவளுக்குக் காலில் நரம்பு இழுத்தது. ஒரு நிமிஷம்தான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஜன்னலில் ரோடு சிவந்தது. இருபக்கமும் முந்திரித் தோப்பு வந்தது. மேலச்செங்குடி கைகாட்டி என்று பலகை போட்ட நிழற்குடையில் பஸ் போய் நின்றது. "இது யாரு ஊருடி?" என்று ஜைத்தூன் முன்னாலிருந்து கத்தினாள்.

நிழற்குடையில் ஒரு பெண் நின்றாள். இருபத்தோரு வயசு இருக்கும், தோளில் பை, கையில் டிபன்பாக்ஸ். உடம்பின் பாரத்தையெல்லாம் இடதுகாலில் போட்டு, வலது குதிகாலைச் சற்றுத் தூக்கிக்கொண்டு நின்றாள். அப்படி நிற்கிற ஒரே ஒரு ஆளைத்தான் காத்தாயிக்குத் தெரியும். தனவேல் அப்படித்தான் நிற்பான், கல்யாணத்துக்கு முன்னால் இதே கைகாட்டியில் அவளுக்காக அப்படித்தான் நின்றான். செத்தவனின் நிற்பை வைத்து அவள் மகளை அடையாளம் கண்டாள்.

பெண் ஏறினாள். காத்தாயி எழுந்து நின்றாள்.

"எங்கம்மா இறங்கணும்?"

"டவுன்ல, ஆஸ்பத்திரி ஸ்டாப்."

தாளைக் கிழித்தாள். கோணலாகக் கிழிந்தது.

"லேடீஸுக்குத்தான் ஃப்ரீயாச்சே, எதுக்குக்கா டிக்கெட்?"

"கணக்குக்கும்மா."

அதற்குப்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காத்தாயி தன் நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துகொண்டாள். பஸ் கைகாட்டிக்குப் போனது. வெண்ணிலா ஏறினாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை என்று மூன்றாம் வாரம் தெரிந்தது. மல்லிகை பிடிக்காது, தலைவலி வரும் என்று நான்காம் வாரம் தெரிந்தது. காத்தாயி வாரம் முழுக்க ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, அதைத் தேய்த்துத் தேய்த்துச் சின்னதாக்கி, கண்டக்டர் கேட்கக்கூடிய கேள்வியாக்கி வைத்திருந்து கேட்பாள். பதிலைக் கொண்டுபோய் அடுத்த வெள்ளி வரைக்கும் வைத்துக்கொள்வாள். தலைவலி என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் ஏழு நாள் இருந்தாள்.

"நீங்க எந்த ஊருக்கா?" என்று ஒருநாள் பெண் கேட்டாள்.

"இந்தப் பக்கம்தான்."

"எந்தப் பக்கம்?"

"பஸ்ஸு போற பக்கம்" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினாள் காத்தாயி.

"அது உன் மவதானே?" என்று டீச்சர் அன்று மத்தியானம் கேட்டாள். "சொல்லிடேன்டி."

"சொன்னா அடுத்த வாரம் ஏறமாட்டா டீச்சர்."

ஐப்பசி பிறந்ததும் காத்தாயிக்கு முன்விடுதலை உத்தரவு வரப்போகிறது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஒரு படிவம் வந்தது. விடுதலைக்குப் பின் வசிக்கப்போகும் முகவரி, ஏற்றுக்கொள்ளும் உறவினர் என்று இரண்டு வரிகள் அதில் இருந்தன. இரண்டையும் அவள் காலியாகவே விட்டாள். நன்னடத்தை அலுவலர் தாமாகவே மேலச்செங்குடிக்குப் போய் விசாரித்தார். மருதாம்பாள், என் தம்பியைத் தின்னவளுக்கு இங்க என்ன வேலை என்று கேட்டதாகவும், மகள் உள்ளே நின்றுகொண்டு எதுவும் பேசவில்லை என்றும் எழுதிக்கொண்டு வந்தார். அந்தத் தாளை டீச்சர் காத்தாயிக்கு வாசித்துக் காட்டினாள். எதுவும் பேசவில்லை என்ற இடம் வந்ததும் காத்தாயி மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை கைகாட்டியில் பெண் நிற்கமாட்டாள் என்றுதான் அவள் நினைத்தாள். நின்றாள். ஏறினாள். இறங்குமிடம் சொல்லாமல் பின்கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். டவுன் வந்தது.

"ஆஸ்பத்திரி ஸ்டாப்! ஆஸ்பத்திரி ஸ்டாப்லாம் இறங்கு!"

மற்றவர்கள் இறங்கினார்கள். அவள் மடியில் டிபன்பாக்ஸை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஸ்டாப் வந்துருச்சும்மா. இறங்கலையா?"

"இல்ல."

ஜைத்தூன் திரும்பிப் பார்த்தாள். காத்தாயி விசிலை எடுக்கவில்லை, ஆகவே டீச்சர்தான் கையைத் தட்டி "போலாம்" என்றாள். உப்பளம் வந்தது, வாய்க்கால் வந்தது, கரும்புச்சாறு வண்டி வந்தது, காவல் கோபுரமும் மதிலும் வந்து அதனதன் இடத்தில் நின்றன. வசந்தகோகிலா மதியக் கணக்கெடுக்க உள்ளே வந்து விரலை நீட்டி எண்ணினாள். இருபத்தொன்பது. தொப்பியைக் கழற்றிவிட்டு எண்ணினாள். இருபத்தொன்பது. தலை குறைந்தால் என்ன செய்யவேண்டும் என்று விதிப் புத்தகத்தில் நாலு பக்கம் இருந்தது, கூடினால் என்ன செய்வதென்று ஒரு வரி இல்லை.

"யாரு காத்தாயி இந்தப் பொண்ணு? பஸ்ஸுல ஏறினவங்களுக்கு நீதான் பொறுப்பு."

பெண் எழுந்து நின்றாள். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், பிறகு காத்தாயியைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ இங்கதான் தூங்குறியா?"

ஒன்பது வாரம் நீங்க என்று பேசிய வாயில் அந்த நீ வந்ததும் இருபத்தெட்டுப் பெண்களுக்கும் புரிந்துவிட்டது. வசந்தகோகிலா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "கணக்கு அப்புறம் எடுத்துக்கறேன்" என்று வாசல் ஸ்டூலுக்குப் போனாள். மற்றவர்கள் கதவைத் தாங்களே தள்ளித் திறந்துகொண்டு வெளியே போனார்கள்.

"இங்க இல்ல. அந்தப் பக்கம். ஒரு ரூமுக்குப் பன்னெண்டு பேர்" என்றாள் காத்தாயி.

"பாய் இருக்கா?"

"இருக்கு. கம்பளியும் இருக்கு." பிறகு கேட்டாள். "எப்பத் தெரியும் உனக்கு?"

"முதல் நாளே. விசில் ஊதறப்ப உனக்குக் கன்னத்துல குழி விழுந்துச்சு. எனக்கும் அதே எடத்துல விழும்." அவள் டிபன்பாக்ஸின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினாள். "தினமும் ஏழு மணி பஸ்ஸுக்குப் போயிருவேன். வெள்ளிக்கிழமை மட்டும் லேட்டா வர்றேன்னு லேப்ல பர்மிஷன் கேட்டு வாங்கியிருக்கேன்."

காத்தாயி கழுத்தில் தொங்கிய விசிலைக் கையில் பொத்திக்கொண்டாள்.

"கோர்ட்டுல," என்றாள் வெண்ணிலா, "நீ கட்டையைத் தூக்குனதை மட்டும்தான் சொன்னேன். அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். நெதம் பாத்தேன்ல. யாரும் கேக்கல. நானும் சொல்லல. அதைச் சொல்லியிருந்தா..."

"ஏழு வயசும்மா உனக்கு. ஸ்டூலு மேல நின்ன. அதுல ஒரு காலு ஆடிக்கிட்டு இருந்துச்சு. நீ விழுந்துருவியோன்னு அதையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். நீ என்ன சொன்னேன்னு என் காதுல விழவே இல்ல."

வெண்ணிலா அழவில்லை, ஆனால் பாரத்தை இடதுகாலிலிருந்து வலதுகாலுக்கு மாற்றி நின்றாள்.

"அத்தை வீட்டுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போக முடியாது. அவங்கதான் என்னைப் படிக்கவச்சாங்க."

"தெரியும்."

"எனக்குன்னு வேற வீடு இல்ல."

"தெரியும்மா. டீச்சர் டவுன்ல ஒரு விடுதி சொல்லியிருக்காங்க. சமையல் வேலையும் இருக்காம்."

பஸ்ஸில் வந்தவளை எந்த வாசல் வழியாக அனுப்புவது என்று வசந்தகோகிலா யோசித்துவிட்டு, பார்வையாளர் பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். உள்ளே வந்த நேரம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். பார்க்க வந்தவரின் உறவு என்ற கட்டத்தை வெண்ணிலாவே நிரப்பினாள். அவள் வெளியே போனபிறகு காத்தாயி அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டாள். பதினான்கு வருஷத்தில் விதியை மீறி அவள் கேட்டது அது ஒன்றுதான், வசந்தகோகிலா காட்டினாள். மகள் என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது.

கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை காத்தாயி வெளியே வந்தாள். ஃபிலோமினா டீச்சர் மட்டும் வாசலில் நின்றாள். நிஜமான டவுன் பஸ் ஒன்று வந்தது, அது நாற்காலி பஸ் மாதிரி இல்லை, பயங்கரமாக ஆடியது, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த காத்தாயிக்குக் குடலைப் புரட்டியது. விடுதியில் ஒரு கட்டில் கொடுத்தார்கள். தனியாகக் கட்டிலில் படுக்க முடியாமல் தரையில் பாயை விரித்துக்கொண்டாள். ஒருநாள் போயிற்று. டீச்சரின் போனுக்குச் செய்தி வந்தது, டீச்சர் வந்து சொன்னாள்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு லேபுக்கு வரச்சொல்லுது உன் பொண்ணு. வெறும் வயித்தோட வரணுமாம்."

வெறும் வயிற்றோடு என்றால் சாப்பாடு போடப்போகிறாள் என்று காத்தாயி நினைத்தாள். காலையில் விடுதியில் கொடுத்த காபியைக்கூடத் தொடவில்லை. தலைக்குக் குளித்து, மல்லிகை வேண்டாம் என்று ஞாபகம் வைத்து, வெறுந்தலையோடு நடந்தே போனாள். ஏழரைக்கெல்லாம் லேப் வாசலில் நின்றாள். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வெண்ணிலா வந்தாள். கோட்டில் அவள் இன்னும் உயரமாகத் தெரிந்தாள். உள்ளே கூப்பிட்டு ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, "கையை நீட்டு" என்றாள்.

காத்தாயி நீட்டினாள்.

"உனக்கு நாப்பத்தாறு ஆகுது. உள்ள சுகர்லாம் பாத்திருக்க மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் ஒரு ரப்பர் பட்டையை முழங்கைக்கு மேல் கட்டினாள், விரலால் நரம்பைத் தடவித் தேடினாள். பதினான்கு வருஷத்துக்குப்பின் அந்த விரல் அங்கே படுகிறது. "விரலை மூடிக்க. வலிக்கும்."

வலிக்கவில்லை. சின்னக் கண்ணாடிக் குழாயில் ரத்தம் கறுப்பாக ஏறியது. வெண்ணிலா பஞ்சை வைத்து அழுத்தினாள். மற்றவர்களிடம் நீங்களே அழுத்திப் பிடிச்சுக்குங்க என்று சொல்வாள், இப்போது சொல்லவில்லை. தானே பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே பெஞ்சில் காத்திருந்த ஒரு பெரியவர் இருமினார், அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு டிபன்பாக்ஸைத் திறந்து அவள் மடியில் வைத்தாள். நான்கு இட்லி, மிளகாய்ப் பொடி.

"இதைச் சாப்பிடு. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தரம் ரத்தம் எடுக்கணும். அதுவரைக்கும் எங்கயும் போகக்கூடாது. இங்கயே என் கண்ணுல படுற மாதிரி உக்காரு."

"ரெண்டு மணி நேரம், சாப்பிட ஆரம்பிச்சதிலேர்ந்தா, முடிச்சதிலேர்ந்தா?"

வெண்ணிலா அடுத்த ஆளுக்கு ஊசி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆரம்பித்ததிலிருந்துதான் கணக்கு என்பது அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தாள்.

"முடிச்சதிலேர்ந்து."

காத்தாயி முதல் இட்லியை எடுத்தாள். ஓரத்தில் ஒரு துளி கிள்ளி, பொடியில் தொட்டு, வாயில் வைத்து, வெகுநேரம் மென்றாள்.